தலையைக் கொடுத்து வாங்கிய நாற்காலி

அந்தத் தெருவில் சலூன்காரரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'ரேடியோ' என்று கேட்டால்தான் கடைக்கு வழி காட்டுவார்கள். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது திறக்கிற வாய், கடையைப் பூட்டும்போதுதான் மூடும். ஆஸ்பத்திரியில் எந்த டாக்டர் பொறுமையாகப் பேசுவார், மழைக்காலத்தில் எந்த பஸ் சுற்றிக்கொண்டு போகும், மேல்மாடி வீட்டுக் குழாய் ஏன் ஒழுகுகிறது என்று எதைக் கேட்டாலும் கத்திரிச் சத்தத்துக்கு நடுவே பதில் வந்துவிடும். கேட்காவிட்டாலும் வரும். வயது நாற்பத்தேழு. இருபது வருடமாக அதே கடை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே இரண்டு நாற்காலி, காத்திருப்பவர்களுக்கு ஒரு நீள பெஞ்சு, மூலையில் ஒரு வாஷ்பேசின். அவ்வளவுதான் அவருடைய ராஜ்ஜியம்.

இரண்டு நாற்காலிகளில் ஒன்றுக்கு வியாதி வந்திருந்தது. அடியில் இருக்கும் பம்பில் எண்ணெய் கசிந்துகொண்டே இருக்கும். உட்கார்ந்தவர் மெல்ல மெல்லக் கீழே இறங்கிப் போவார். முடிவெட்ட ஆரம்பிக்கும்போது கண்ணாடியில் முகம் பார்த்தவருக்குப் பாதி வெட்டில் நெற்றி மட்டும்தான் தெரியும். ரேடியோ பேச்சை நிறுத்தாமலே காலால் பெடலை நாலு மிதி மிதித்து ஆளை மேலே கொண்டுவருவார்.

"நம்ம கடையில மட்டும்தான் சார் முடிவெட்டுக்கு லிஃப்ட் இலவசம்" என்பார்.

எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் கழுத்தில் கத்தி இருக்கிற நேரத்தில் ஆள் இறங்கினால் அது சிரிக்கிற விஷயமில்லை என்று அவருக்குத் தெரியும். அதனால் சவரத்துக்கு வருபவர்களை எல்லாம் நல்ல நாற்காலியிலேயே உட்கார வைத்தார். ஒன்றரை வருடம் சிறுகச் சிறுக வங்கியில் சேர்த்தார். பழையதைத் தள்ளிவிட்டு, அந்தக் காசையும் சேமிப்பையும் போட்டு, யாராவது உபயோகித்த நல்ல நாற்காலியாக ஒன்று வாங்கிவிடலாம் என்பது கணக்கு.

பழைய பொருள்கள் விற்கும் இணையதளத்தில் அவரே படம் எடுத்துப் போட்டார். 'பம்பில் கசிவு உண்டு, உட்கார்ந்தால் இறங்கும்' என்று உள்ளதை உள்ளபடி எழுதினார். அவர் மனைவி அதை வாசித்துவிட்டு, "விக்கிறதுக்குப் போட்டீங்களா, நாற்காலி மேல புகார் குடுத்திருக்கீங்களா?" என்று கேட்டாள். அவள் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவள். ஒரு நாளைக்கு நானூறு படுக்கை விரிப்புகள் அவள் கையால் மடிபடும். எண்ணி எண்ணிப் பழகியதாலோ என்னவோ, வார்த்தையையும் எண்ணித்தான் செலவழிப்பாள். வீட்டில் பேச்சு முழுவதையும் அவருக்கே விட்டுக்கொடுத்திருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரம், தொலைபேசி அடித்தது. மறுமுனையில் தேன் ஒழுகும் குரல்.

"அண்ணே, நாற்காலி படம் பாத்தேன். அப்படியே எடுத்துக்கிறேண்ணே. விலையெல்லாம் பேச மாட்டேன். நீங்க போட்டது போட்டதுதான்."

"பம்பு கசியும் தம்பி. வந்து ஒரு தடவை பாத்துட்டு..."

"உங்க பேச்சுலயே தெரியுதேண்ணே, நீங்க ஏமாத்துற ஆள் இல்லைன்னு. பணத்த இப்பவே அனுப்பிடறேன், சாயங்காலம் வண்டி அனுப்பி எடுத்துக்கிறேன்."

பாராட்டில் ரேடியோவுக்குக் கொஞ்சம் நெஞ்சு விரிந்தது. முதலில் சும்மா சோதனைக்கு என்று ஒரு சில்லறைத் தொகை வந்தது. நிஜமாகவே வந்தது. அடுத்து கறுப்புக் கட்டங்கள் நிறைந்த ஒரு படம் வந்தது. அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட்டால் முழுப் பணமும் வந்து விழும் என்றது தேன்குரல். போட்டார். பணம் வரவில்லை, போனது. "ஐயய்யோ, மாறிப் போச்சுண்ணே. பதறாதீங்க. இந்த இன்னொண்ண ஸ்கேன் பண்ணுங்க, போனதும் சேந்து திரும்பி வந்துடும்." அதையும் போட்டார். அதன்பிறகு அந்த எண்ணில் யாரும் எடுக்கவே இல்லை. பதினைந்து நிமிடத்தில் ஒன்றரை வருடச் சேமிப்பு துடைத்து எடுக்கப்பட்டிருந்தது.

பணம் வாங்குவதற்கு எதற்கு ரகசிய எண் என்ற கேள்வி, எல்லாம் முடிந்து, வாஷ்பேசினில் முகத்தைக் கழுவும்போதுதான் அவருக்கு வந்தது.

அன்றோடு ரேடியோ நின்றே போனது. கத்திரி மட்டும் பேசியது. வந்தவர்கள் முதலில் தொண்டை வலி என்று நினைத்தார்கள். இரண்டாம் நாள் யாரோ, "என்னப்பா, ஸ்டேஷன் மூடிட்டாங்களா?" என்று சீண்டிப் பார்த்தார்கள். அவர் சிரித்து வைத்தார். வீட்டிலும் அப்படித்தான். சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார், படுத்தார். மனைவி இரண்டு முறை நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. "நாற்காலி என்னாச்சு?" என்று ஒருமுறை கேட்டாள். "ஆளுங்க கேட்டுட்டு இருக்காங்க" என்றார். அவளிடம் அவர் சொன்ன பொய்கள் ரொம்பக் கொஞ்சம். அதில் இது ஒன்று. அது அவரை உள்ளுக்குள் அரித்தது. ஊரார் தலையெல்லாம் அவர் கையில். அவர் தலையில் ஒருவன் மிளகாய் அரைத்துவிட்டுப் போனான் என்பதை எந்த வாயால் சொல்வது?

பதினோராவது நாள் கணக்கு வாத்தியார் வந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. இறங்குகிற நாற்காலியில் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே அவராகப் பேச ஆரம்பித்தார்.

"உன்கிட்ட சொன்னா என்ன. வெளியில சொல்லாதே. டாக்டர் சைக்கிள் மிதிக்கச் சொன்னாரு. வீட்டுக்குள்ளயே மிதிக்கிற சைக்கிள் ஒண்ணு, பழசு, விலை ரொம்பக் கம்மின்னு போட்டிருந்தான். வேலை மாத்திட்டு வெளிநாடு போறானாம். பாதிப் பணம் முன்னாடி குடுத்தா எடுத்து வைக்கிறேன்னான். குடுத்தேன். அப்புறம் லாரி வாடகைன்னான். குடுத்தேன். அப்புறம் இன்ஷூரன்ஸ்ன்னான்."

"அதையும் குடுத்தீங்களா சார்?"

"குடுத்தேன்யா. நாலு பேருக்குக் கணக்கு சொல்லிக் குடுக்கிறவன் நான். என் பொண்டாட்டி இன்னும் சைக்கிள் வரும்னு கூடத்துல எடம் ஒழிச்சு வெச்சிருக்கா."

கத்திரி நின்றது. கண்ணாடியில் வாத்தியாருடைய நெற்றி மட்டும் தெரிந்தது. ரேடியோ பெடலை மிதித்து அவரை மேலே கொண்டுவந்தார். முகத்துக்கு முகம் பார்த்தபோது அவருக்கு அடக்க முடியவில்லை.

"சார், உங்களுக்காவது பாதி வெட்டு. எனக்கு முழு மொட்டை."

அப்புறம் நிற்கவில்லை. தேன்குரலிலிருந்து வாஷ்பேசின் வரை எல்லாவற்றையும் கொட்டினார். பெஞ்சில் காத்திருந்த லாரி டிரைவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "என் அக்காவுக்கும் இதே மாதிரிதான் அண்ணே. தையல் மெஷின் விக்கப் போட்டா" என்றார். கடையில் இருந்த மூன்று பேரில் மூன்று பேருக்கும் ஒரு கதை இருந்தது. மூன்று பேருமே அதுவரை வெளியில் மூச்சு விட்டதில்லை.

ஊருக்கே ஒலிபரப்பு ஆவதற்கு முன் வீட்டுக்குத் தெரிந்தாக வேண்டும். அன்று சீக்கிரமே கடையைச் சாத்திவிட்டுப் போனார். மனைவி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கஞ்சி போட்ட துணி வாசம் அவள் மேல் இன்னும் இருந்தது. அவர் நின்றுகொண்டே சொல்லி முடித்தார். 

"பணம் போனது பதினஞ்சு நிமிஷத்துல" என்றாள். "நீங்க என்கிட்ட பேசாம இருந்தது பதினோரு நாள். எனக்கு எது பெரிசுன்னு நினைக்கிறீங்க?"

அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் என்னென்னவோ நினைச்சேன். உடம்புக்கு ஏதோ வந்து மறைக்கிறீங்கன்னு நினைச்சேன். போன வாரம் எங்க ஆஸ்பத்திரி நர்ஸம்மாகிட்ட கேட்டுக்கூட வெச்சேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நாளைக்கு லீவு போடறேன். காலையில கிளம்புங்க. பேங்குக்கும் போறோம், போலீஸுக்கும் போறோம்."

"பதினோரு நாள் ஆச்சும்மா. இனிமே போய் என்ன..."

"போறோம்" என்றாள்.

வங்கியில் இருந்த பெண் அதிகாரி திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. அதுவே ரேடியோவுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அவள் எல்லாவற்றையும் தட்டச்சு செய்தபடி, "அன்னைக்கே ஒரு போன் பண்ணியிருந்தா பணத்தை வழியிலயே நிறுத்தப் பாத்திருக்கலாம் சார். முதல் சில மணி நேரம்தான் முக்கியம்" என்றாள். காவல் நிலையத்தில் புகாரை எழுதி வாங்கிக்கொண்டார்கள். வந்த எண், வந்த படம், போன தொகை எல்லாவற்றையும் மனைவியே வரிசையாக எடுத்துக் கொடுத்தாள்.

ஆறு வாரம் கழித்து வங்கியிலிருந்து அழைப்பு வந்தது. அந்தத் தேன்குரலின் கணக்கை அதே செவ்வாய்க்கிழமை சாயங்காலமே யாரோ ஒருவர் புகார் கொடுத்து முடக்க வைத்திருந்தார். உள்ளே மாட்டிக்கொண்ட பணத்தில் ரேடியோவின் பங்கும் இருந்தது. போனதில் பாதிக்கும் சற்றுக் கூடுதலாகத் திரும்பி வந்தது. புகார் கொடுத்தது யார் என்று வங்கியில் சொல்லவில்லை. யாரோ முகம் தெரியாத ஒரு மனிதர், ஏமாந்த அன்றைக்கே வெட்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு நேராகப் போய்ச் சொல்லியிருக்கிறார். நான் கடையில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில், என்று ரேடியோ நினைத்துக்கொண்டார். அந்த ஆளுக்கு ஆயுசுக்கும் இலவசமாக முடிவெட்டலாம் என்று தோன்றியது.

இதற்கிடையில் இறங்குகிற நாற்காலிக்கு ஒரு நல்ல வழி பிறந்தது. டயர் கடைக்காரர் ஒருவர் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு நேரில் வந்தார். நாள் முழுக்கக் குனிந்து சக்கரம் கழற்றும் அவருக்கு முதுகுவலி. "உக்காந்தா தானா இறங்கும்னு போட்டிருக்கீங்களே, அது நெசமா?" என்று கேட்டார். நெசம்தான் என்றதும் முகம் மலர்ந்தது. "சக்கரத்துக்கு நேரா இறங்கிட்டா போதும் எனக்கு." கையில் பணத்தைக் கொடுத்து, அப்போதே தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். நாற்காலி மேல் புகாரா என்று கேலி செய்த மனைவியும் அன்று சிரித்துக்கொண்டாள்.

இப்போது வாங்க வேண்டும். இந்த முறை இருவருமாக உட்கார்ந்து தேடினார்கள். ஒரு நாற்காலி பளபளவென்று புதுசு போல் இருந்தது. விலையோ அடிமாட்டு விலை. முன்பணம் அனுப்பினால் ஒதுக்கி வைப்பதாக எழுதியிருந்தது. ரேடியோவுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. மனைவி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அந்தச் செவுத்துல இருக்கிற ப்ளக்கைப் பாருங்க. நம்ம ஊர்ல எங்கயாவது இந்த மாதிரி ஓட்டை பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. எந்த தேசத்துச் சுவரோ. அதைத் தள்ளிவிட்டாள். அடுத்த படம் இருட்டாக இருந்தது. நாற்காலியின் கைப்பிடியில் ஈரத் துண்டு ஒன்று தொங்கியது. படத்தின் ஓரத்தில் எடுத்தவரின் கட்டைவிரல் வேறு விழுந்திருந்தது.

"இதுக்குப் பேசுங்க" என்றாள்.

"கட்டைவிரல்தானே தெரியுது, நாற்காலி எங்க தெரியுது?"

"அதான் சொல்றேன். கையில போனை வெச்சுக்கிட்டு, கடையில நின்னு, யாரோ நெசமா எடுத்திருக்காங்க."

அழைத்தபோது எடுத்தது ஒரு பெண் குரல். பியூட்டி பார்லர் வைத்திருந்தவர், வாடகை கட்டுப்படியாகாமல் மூடுகிறவர். குரலில் தேனும் இல்லை, பாலும் இல்லை. ரேடியோ ஒரு கேள்வி கேட்டால் அவள் மூன்று கேள்வி கேட்டாள். கடை எங்கே, எத்தனை வருடம், எதற்கு நாற்காலி, ஏன் புதுசு வாங்கவில்லை.

"நேர்ல வந்து பாக்கணும்மா" என்றார் ரேடியோ.

"பார்லருக்கு வாங்க. பகல் பதினொரு மணிக்கு. பக்கத்துல மருந்துக்கடை திறந்திருக்கும், எப்பவும் ஆள் இருப்பாங்க" என்றாள் அழுத்தமாக. "என் கொழுந்தனாரும் கூட இருப்பாரு."

"என் சம்சாரமும் கூட வருவாங்க" என்றார் இவரும் விட்டுக்கொடுக்காமல்.

போருக்கு நாள் குறித்தது போல ஆயிற்று.

கொழுந்தனார் வாசலிலேயே நின்றிருந்தார். வீட்டுச் சாமான்களை ஏற்றி இறக்கும் வேலை செய்பவர். கதவு அளவு உடம்பு. முடி தோள் வரை வளர்ந்து காடாகக் கிடந்தது. உள்ளே பாதிக் கடை காலியாகியிருந்தது. கண்ணாடிகள் கழற்றப்பட்டு சுவரோரம் சாய்ந்திருந்தன. அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நாற்காலி தனியாக நின்றது. பார்லர்காரி முப்பத்தைந்து வயது இருப்பாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். கைப்பையை மார்போடு அணைத்தபடி நின்றாள்.

"இதுக்கு பில் இருக்காம்மா?" என்று ரேடியோவின் மனைவி கேட்டாள்.

பில் வந்தது. அவள் வாசித்தாள். பார்லர்காரி பதிலுக்கு ரேடியோவின் அடையாள அட்டையைக் கேட்டாள். பெயரைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"அட்டை யார் வேணும்னாலும் அடிச்சுக்கலாம்" என்றாள். "நீங்க சலூன்காரர்தான்னு நான் எப்படி நம்புறது?"

ரேடியோவுக்குச் சுருக்கென்றது. "என்னம்மா இப்படிக் கேக்கற?"

"தப்பா நினைக்காதீங்க. போன மாசம் ஒருத்தன் வந்தான். அவனும் சலூன்காரன்னுதான் சொன்னான். முகத்துக்கு ஆவி பிடிக்கிற மெஷினை எடுத்தான். பணம் அனுப்பிட்டேன்னு போனைக் காட்டினான். பச்சை டிக் எல்லாம் இருந்துச்சு. மெஷினை வண்டியில வெச்சுக்கிட்டுப் போயிட்டான். என் கணக்குக்கு இன்னைக்கு வரைக்கும் ஒண்ணும் வரல." அவள் அடையாள அட்டையைத் திருப்பி நீட்டினாள். "பொய்யா ஒரு படத்தைக் காட்டியிருக்கான். நான் என் கணக்கைத் திறந்து பாத்திருந்தா அந்த நிமிஷமே தெரிஞ்சிருக்கும்."

ரேடியோவின் கோபம் இருந்த இடம் தெரியாமல் போனது. இவளும் நம்ம கட்சிதானா என்று பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டார்.

"சரிம்மா. நியாயம்தான். உன் கத்திரி, சீப்பு இருக்கில்ல? குடு. யாராவது ஒரு தலையைக் குடுங்க."

எல்லோரும் ஒருசேரக் கொழுந்தனாரைப் பார்த்தார்கள். அவர் இரண்டு எட்டு பின்னால் போனார்.

"அண்ணி, இது நல்லா இல்ல. என் தலைதான் கிடைச்சுதா?"

"எட்டு மாசமா வெட்டிக்கோன்னு சொல்றேன், கேட்டியா? உக்காரு" என்றாள் அண்ணி.

கதவு அளவு உடம்பு நாற்காலியில் அமர்ந்தது. ரேடியோ பெடலை மிதித்து அவரை உயரத்துக்குக் கொண்டுவந்தார். துண்டைப் போர்த்தினார், நாற்காலிக்கு அடியில் ஒரு காகிதத்தை விரித்தார். முதல் வெட்டிலேயே பார்லர்காரியின் கை கைப்பையிலிருந்து தளர்ந்தது. தொழில் தெரிந்த கண்ணுக்கு விரல் போகிற போக்கே போதும். காதோரம், பிடரி, உச்சி என்று கத்திரி சுற்றி வந்தது. ஆனால் ரேடியோவின் ஒரு கண் முடியில், இன்னொரு கண் நாற்காலியின் அடியில். அரைமணி நேரம், அவ்வளவு பாரத்தைத் தாங்கிக்கொண்டு, அது ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. சாய்த்துப் பார்த்தார், சுற்றிப் பார்த்தார். முனகலே இல்லை. அடியில் விரித்திருந்த காகிதத்தில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

"நான் நிஜ சலூன்காரன். இது நிஜ நாற்காலி" என்று துண்டை உதறினார். "ரெண்டும் ஒரே தலையில தெரிஞ்சு போச்சு."

கொழுந்தனார் சுவரோரக் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "பரவாயில்லையே" என்றார். அவர் சிரித்தபோதுதான் அவருக்கு அவ்வளவு வயசில்லை என்று தெரிந்தது.

பணம் அனுப்பும்போது மறுபடி இரண்டு தரப்பும் உஷாராயின. மனைவி திரையில் வந்த பெயரைச் சத்தமாக வாசித்து, "இது உங்க பேர்தானே?" என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் அவரை அழுத்த விட்டாள். பார்லர்காரி அவர் நீட்டிய திரையைப் பார்க்கவில்லை. தன் வங்கிக் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான்கு பேரும் ஒரு சின்னத் திரையைச் சுற்றி, பால் பொங்குவதைப் பார்ப்பது போல நின்றார்கள். வந்தது. நான்கு பேரும் ஒரே நேரத்தில் மூச்சை விட்டார்கள். பார்லர்காரி ஒரு தாளில் இன்ன பொருள், இன்ன விலை, இன்னார் இன்னாருக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். கொழுந்தனார் நாற்காலியை ஒற்றை ஆளாகத் தூக்கி வண்டியில் வைத்தார்.

"முடிவெட்டினதுக்கு?" என்று கேட்டார்.

"ஏத்துக்கூலிக்குச் சரியாப் போச்சு தம்பி" என்றார் ரேடியோ.

கிளம்பும்போது பார்லர்காரி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "இன்னும் கண்ணாடி இருக்கு, முடி காய வைக்கிற மெஷின் இருக்கு. மாசக் கடைசியில கடையைக் காலி பண்ணணும். அப்புறம் வாங்குறவங்களை வீட்டுக்குத்தான் வரச் சொல்லணும். வீட்டுல நானும் மாமியாரும் மட்டும்தான். யாரை நம்பி உள்ள விடுறதுன்னே தெரியல."

ரேடியோவின் மனைவி கணவரைப் பார்த்தாள். பிறகு அவளாகவே பதில் சொன்னாள். "எங்க கடையில கொண்டுவந்து வெச்சுக்கோங்க. முன்னாடி முழுக்கக் கண்ணாடி, தெருவே பாக்கும். ப்ளக் பாயிண்ட் இருக்கு, ஓட்டிப் பாத்துக்கலாம். பெஞ்சுல எப்பவும் நாலு பேர் இருப்பாங்க. இவர் வாய்க்குப் பயந்து திருடன் உள்ளயே வர மாட்டான்."

அப்படித்தான் ஆரம்பித்தது. முடி காய வைக்கும் மெஷினை வாங்க வந்தவர் வாஷ்பேசின் பக்கத்தில் ஓட்டிப் பார்த்து எடுத்துப் போனார். அதைப் பார்த்த லாரி டிரைவர், தன் அக்காவின் தையல் மெஷினையும் அங்கேயே கொண்டுவந்தார். அப்புறம் தெருவில் யார் எதை விற்றாலும், வாங்கினாலும், "ரேடியோ கடையில வெச்சுப் பாத்துக்கலாம்" என்பது பேச்சாகிப் போனது. கணக்கு வாத்தியாருக்கு அங்கேதான் சைக்கிள் கிடைத்தது. முடிவெட்டக் காத்திருந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஐந்து நிமிடம் மிதித்துப் பார்த்துவிட்டு, சங்கிலி மட்டும் மாற்ற வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். வாத்தியாரின் மனைவி கூடத்தில் ஒழித்து வைத்த இடம் வீணாகவில்லை.

ரேடியோ இதற்கெல்லாம் எதுவும் வாங்கவில்லை. ஆனால் பேசாமல் இருக்க முடியுமா? முடி வெட்டுகிற ஒவ்வொருவருக்கும் தன் மொட்டைக் கதையை ஒருதரம் ஒலிபரப்பினார். கூச்சமெல்லாம் அடியோடு போயிருந்தது. "பணம் வாங்குறதுக்கு ரகசிய நம்பர் எதுக்கு சார்? யாராவது கேட்டா போனை வெச்சிடுங்க. வெக்காம போட்டுத் தொலைச்சிட்டா, அன்னைக்கே பேங்குக்கு ஓடுங்க. என்னை மாதிரி வாயை மூடிட்டு உக்காராதீங்க" என்பார். அவர் வாயை மூடியதை யாராலும் கற்பனை செய்ய முடியவில்லை என்பதால் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் காதில் போட்டுக்கொண்டார்கள்.

ஒரு சனிக்கிழமை, நர்சிங் படிக்கிற பெண் ஒருத்தி தன் லேப்டாப்பை விற்க வந்தாள். வாங்க வந்தவன் நேர்த்தியாக உடுத்தியிருந்தான். திறந்து பார்த்தான், திருப்தி என்றான், போனில் எதையோ தட்டினான், திரையை அவள் முகத்துக்கு நேராக நீட்டினான். பச்சை டிக். "வந்துடும், சில நேரம் பத்து நிமிஷம் ஆகும். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று லேப்டாப்பைப் பையில் வைக்கப் போனான். அவள் சரியென்று தலையாட்டிவிட்டாள்.

ரேடியோ ஒருவர் தாடையில் கத்தி வைத்திருந்தார். கத்தியை எடுக்காமலே, "பாப்பா, அவர் போனை அவர் பாக்கட்டும். நீ உன் கணக்கைத் திற" என்றார்.

அவள் திறந்தாள். "வரல அங்கிள்."

"வரட்டும். வர்ற வரைக்கும் சார் உக்காரட்டும். அடுத்த பஸ் இருபது நிமிஷத்துல இருக்கு, அதுவும் அங்கதான் போகும்."

பெஞ்சில் இருந்த நாலு பேரும் கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார்கள். நாற்காலியில் சவர நுரையோடு இருந்தவர்கூடக் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தார். அவன் உட்காரவில்லை. "சிக்னல் இல்ல, வெளிய போய்ப் பேசிட்டு வர்றேன்" என்று லேப்டாப்பை மேசையில் வைத்துவிட்டுப் போனான். போனவன் போனவன்தான். அந்தப் பெண் லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ரேடியோ டீ வரவழைத்துக் கொடுத்தார். அவள் குடித்து முடித்ததும், அன்றைக்கே, அப்போதே, அவன் எண்ணையும் நடந்ததையும் எழுதிப் புகார் கொடுக்க வைத்தார். அடுத்த வாரம் அதே லேப்டாப்பை அவள் வேறொருவருக்கு நல்ல விலைக்கு விற்றாள்.

பார்லர்காரியின் சாமான்கள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. கடைசியில் ஒரு கைப்பெட்டி மட்டும் மிஞ்சியது. அதை அவள் விற்கவில்லை. கத்திரி, சீப்பு, துண்டுகள் இருந்த தொழில் பெட்டி. அதை எடுத்துப் போக வந்த அன்று ரேடியோவின் மனைவி அவளைப் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"எங்க ஆஸ்பத்திரியில மாசக்கணக்கா படுத்துக் கிடக்கிற பொம்பளைங்க வார்டு ஒண்ணு இருக்கு. சிக்கு விழுந்து கொட்டின முடியோடதான் தலையணை உறையெல்லாம் எங்ககிட்ட வருது, பாத்தாலே மனசு கஷ்டமா இருக்கும். தலை அலசி, வெட்டி விட ஆள் தேடுறாங்க. வாரத்துக்கு மூணு நாள். நான் உங்களைப் பத்தி மேட்ரன்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

பார்லர்காரி பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்தாள். "படுத்தபடியே அலசணும்னா தனியா ஒரு பேசின் வேணுமே அக்கா. கழுத்துக்கு அடியில வைக்கிற மாதிரி" என்றாள் பிறகு. அப்போதே அவள் மனம் வார்டுக்குள் போய்விட்டது தெரிந்தது.

அந்தப் பேசினும் பழையதாகத்தான் கிடைத்தது. படுக்கையில் கிடந்த தன் தாயைப் பல வருடம் பார்த்துக்கொண்ட ஒருவர் அதை விற்றார். சலூனுக்கே கொண்டுவந்தார். பார்லர்காரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எப்போது வாங்கியது, எதைப் போட்டுக் கழுவினீர்கள், குழாய் மாற்றியதா என்று கேள்வி மேல் கேள்வி கேட்டாள். வந்தவர் சளைக்காமல் பதில் சொன்னார். பிறகு அவள் அதை வாஷ்பேசின் குழாய்க்கு அடியில் பிடித்து விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, பெஞ்சின் மேல் செய்தித்தாள் விரித்து வைத்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றுகொண்டார்கள்.

கால் மணி நேரம். அடியில் விரித்த செய்தித்தாள் காய்ந்தே இருந்தது.

"எடுத்துக்கிறேன்" என்றாள்.

திங்கட்கிழமை காலை அவளுக்கு முதல் நாள் வேலை. ஆஸ்பத்திரி வாசலில் சலவைப் பிரிவின் பக்கக் கதவருகே ரேடியோவின் மனைவி காத்திருந்தாள். இருவருமாகப் பேசினை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, மூன்றாவது மாடி வார்டுக்குப் படியேறினார்கள்.